பொட்டியோட வடக்கு

கிரீன்லாந்தில் ஒரு சின்ன ஊரைத் தேடிப் போய், அது கிடைக்காமல், பெட்ரோல் தீர்ந்து பனியில் விழுந்தோம். நானும் என் மனைவியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்டையார்பேட்டை மாடி வீட்டில், ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு. யாருக்கும் அடிபடவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். நீளமான கை வைத்த பெரிய வண்டி. லாரியிலிருந்து பெட்டியைத் தூக்கி ஐந்து மாடி உயரத்துக்கு அடுக்கும். உள்ளே உட்கார்ந்து ஒரு குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். எட்டு மணி நேரம் அங்கே குச்சியை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் இன்னொரு குச்சியை ஆட்டுவேன். விமானம் ஓட்டுகிற விளையாட்டு. விளையாட்டு என்றால் அதை ஓட்டுகிறவர்களுக்குக் கோபம் வரும், சிமுலேட்டர் என்று சொல்லவேண்டும். நிஜ விமானத்தில் நான் ஏறியதில்லை. ஏறியிருந்தால் ஒருவேளை இந்தப் பைத்தியம் தெளிந்திருக்கும்.

"அங்க பொட்டி தூக்குற, இங்க றெக்கை தூக்குற. ஒரு நாளாவது அந்த தண்ணி கொடத்த தூக்குனியா?" என்பாள் மனைவி. அவள் டெய்லர். ஜாக்கெட் வெட்டுவதில் எங்கள் தெருவில் மட்டுமல்ல, வண்ணாரப்பேட்டை வரைக்கும் அவளுக்குப் பெயர். கடைக்காரர்களே தங்கள் வீட்டுப் பெண்களின் துணியை அவளிடம் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த ஒன்றரை அறையில் என் கம்ப்யூட்டருக்கும் அவளுடைய வெட்டுப் பலகைக்கும் முதுகோடு முதுகு இடம் கிடைத்திருந்தது. நான் பறந்துகொண்டிருப்பேன், அவள் வெட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் எப்படி இந்தப் பக்கம் திரும்பினாள் என்றால், நான் பெங்களூருக்குப் போகிறேன் என்று கிளம்பி அரை மணி நேரமாக எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, காக்கா மாரி சுத்திகினே கீற?"

"ஊரு தெர்ல."

"வழி தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஏரோப்ளேனு? சைக்கிள்ல போய் கேட்டுகினு போவ வேண்டியது தான?"

அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் கோணமானியும் ஸ்கேலும். வரைபடத்தைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். இங்கிருந்து அங்கே ஒரு கோடு. அந்தக் கோடு வடக்கிலிருந்து எத்தனை டிகிரி சாய்கிறது. எத்தனை மைல், எத்தனை நிமிஷம். மூன்று எண்ணை எழுதிக் கொடுத்து, "இதப் பாத்து ஓட்டு, சைடுல பார்க்காத" என்றாள். பெங்களூர் மூக்குக்கு நேராக வந்து நின்றது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனது. சின்ன விமானத்தில், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, மேற்கே மேற்கே போய் உலகத்தைச் சுற்றி வருவது. வாரத்துக்கு ஓர் ஊர். சட்டமெல்லாம் அவள் போட்டதுதான். திரையில் வழி காட்டும் படத்தைத் திறக்கக்கூடாது. ரேடியோ கூடாது. திசைகாட்டியும் கடிகாரமும் அவள் எழுதித் தரும் எண்ணும் மட்டும். காற்றை மட்டும் சிமுலேட்டரில் அணைத்துவைத்திருந்தோம். "காத்துக்கு வேற எவன் கணக்கு போடுறது, நம்ம வூட்ல கரண்ட்டே ஒழுங்கா நிக்க மாட்டேங்குது" என்றாள். மஸ்கட், பாக்தாத், துருக்கி, இத்தாலி என்று எல்லாம் சரியாகப் போனது. ஸ்காட்லாந்தில்தான் முதல்முறை தப்பினோம். கடல் ஓரத்து ஊர் ஒன்று ஏழெட்டு மைல் தள்ளி வலது பக்கம் கிடந்தது.

அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் இணையத்தில் போய், என்னைப் போன்ற வேலையற்றவர்கள் கூடிப் பேசும் இடத்தில் தேடி, விஷயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாமே, நெஜ வடக்கு வேற, திசைகாட்டி காட்டுற வடக்கு வேறயாம்."

"அது தான் தெரியுமே. வித்தியாசத்த கூட்டித் தான எழுதுறேன். முள்ளு மேக்க சாஞ்சா கூட்டணும், கெயக்க சாஞ்சா கழிக்கணும்."

"அந்த வித்தியாசம் வருஷா வருஷம் மாறுதாம். காந்தத்தோட வடக்கு நகர்ந்துகினே கீதாம்."

"நகரட்டும். சொந்த வூடா இன்னா, ஒரே எடத்துல கெடக்க?"

"நீ இன்டர்நெட்ல பார்த்து எழுதுறது இந்த வருஷத்து வித்தியாசம். இந்த சிமுலேட்டர செஞ்சவன் என்னிக்கோ ஒரு வருஷத்து கணக்க உள்ள எழுதி வெச்சிட்டான். அது அத புட்சிகினே கீது. நம்மூர்ல ஒரு டிகிரி கூட மாறல, அதான் தெர்ல. வடக்கால போவப் போவ ஜாஸ்தியா மாறுதாம்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அளவு ஜாக்கெட் மாரி" என்றாள்.

டெய்லரிடம் போகிற எல்லாப் பெண்களும் ஒரு பழைய ஜாக்கெட்டை அளவுக்கென்று கொடுப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்ததாக இருக்கும். உடம்பு அதற்குள் எங்கேயோ போயிருக்கும். அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்தால் போடமுடியாது. போடமுடியவில்லை என்றால் டெய்லர் கெடுத்துவிட்டாள் என்பார்கள். அதனால் அவள் அளவு ஜாக்கெட்டை வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஆளை நிற்கவைத்து டேப்பால் அளப்பாள்.

"அப்போ இந்த பொட்டிக்கு பழைய ஜாக்கெட் தான் ஒடம்பே" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். "நம்ம பூமிக்கா தெக்கிறோம்? இந்தப் பொட்டிக்கு தான தெக்கிறோம்? அப்போ பொட்டிய தான் அளக்கணும்."

அளந்தாள். ஒரு நீள நோட்டு வாங்கி, அட்டையில் 'பொட்டியோட வடக்கு' என்று எழுதினாள். போகவேண்டிய ஊரின் ஓடுபாதை நிஜத்தில் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று வரைபடத்தில் கோணமானி வைத்துப் பார்ப்பாள். பிறகு சிமுலேட்டரில் விமானத்தை அந்த ஓடுபாதைமேல் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வாள். திசைகாட்டி என்ன சொல்கிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நோட்டில் ஏறும். அப்படி நிறுத்தும்போது திரையின் மேல்பாதியை ஒரு லைனிங் துணியால் மூடிவிடுவாள். போய்ச் சேருவதற்கு முன்னால் ஊரைப் பார்த்துவிடக்கூடாதாம். நான் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் ஸ்கேலால் ஓர் அடி.

அதற்குப் பிறகு தப்பவே இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து நடுக்கடலில் ஒரு தீவு, அங்கிருந்து ஐஸ்லாந்து. எல்லாம் மூக்குக்கு நேராக. உலகத்தில் யாராவது இப்படி ஓட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. தண்டையார்பேட்டையில் கட்டாயம் இல்லை.

ஐஸ்லாந்தில் இறங்கியிருந்த சமயத்தில்தான் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. ஊரில் பாதிப் பெண்களுக்கு அளவெடுத்தவள், தன் உடம்பைக் கவனிக்க நேரமில்லாமல் விட்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி போனது. ருசி போனது. "பிரியாணி மண்ணு மாரி கீது" என்று பாதித் தட்டை என் பக்கம் தள்ளுவாள். நான் அதையும் சாப்பிட்டுவிட்டு, இந்த வியாதியால் எடை கூடிய ஒரே ஆள் நான்தான் என்று ஜோக் அடிப்பேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். யார்டில் எவன் முகம் வாடினாலும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

மருந்து ஏற்றி வந்த வாரங்களில் அவளால் அதிக நேரம் உட்கார முடியாது. ஆனாலும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ஊரையும் அளந்து, கணக்குப் போட்டு முடித்தாள். கிரீன்லாந்து. நானூறு மைல், வெறும் கடல். அவளைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இந்த வருஷத்துக் காந்தக் கணக்கை எழுதி, பழைய ஃபைலுக்குப் பதில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்திருந்தான். போட்டுவிட்டால் சிமுலேட்டரின் வடக்கும் இன்றைய வடக்கும் ஒன்றாகிவிடும். அவள் இப்படி ஒவ்வோர் ஊராகப் போய் நிறுத்தி அளக்க வேண்டியதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மதியம், நான் அந்த ஃபைலைப் போட்டேன். பழையதை வேறு பெயரில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான், அதையும் செய்தேன். அதே மதியம் புது மேகங்கள், புதுத் துறைமுகக் கட்டடங்கள் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் போட்டேன்.

பிறகு சரியாகப் போட்டேனா என்று சோதித்துப் பார்த்தேன். எங்கே? எண்ணூர் புகைபோக்கிகளைச் சுற்றிவிட்டு மீனம்பாக்கத்தில் இறங்கினேன். திசைகாட்டி முன்னே காட்டியதையே காட்டியது. சரி, ஃபைல் பலிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். நம்மூரில் ஒரு டிகிரிகூட மாறவில்லை என்று அவளுக்கு விளக்கம் சொன்னவனே நான்தான். பலிக்காத விஷயத்தைச் சொல்லி எதற்கு அசிங்கப்படவேண்டும் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. அப்புறம் மறந்தே போனேன்.

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். நிஜ வடக்குக்கு இருநூற்று எண்பத்து மூன்று. பொட்டியின் வித்தியாசம் ஐஸ்லாந்தில் பதினெட்டு, கிரீன்லாந்தில் முப்பது, நடுவே பார்த்தால் இருபத்து நான்கு. கூட்டி முன்னூற்றேழு என்று எழுதியிருந்தாள். மூன்று மணி இருபது நிமிஷம். முன்னூற்றேழைப் பிடித்துக்கொண்டு போனேன். வெள்ளையாகக் கரை தெரிந்தது. மலை, பனி, பிளந்து கிடக்கும் கடல். ஓடுபாதை மட்டும் இல்லை.

"கீய பாரு, லெப்ட்ல பாரு" என்றாள்.

லெப்டில் இல்லை, ரைட்டில் இல்லை. சுற்றிச் சுற்றிப் பெட்ரோல் தீர்ந்தது. பனியில் விழுந்தோம்.

"நான் தான் எங்கியோ தப்பா போட்டுட்டேன்" என்றாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அதே கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோணமானியை மாற்றி வைத்துப் பார்த்தாள். என்னைத் தனியாக அளக்கச் சொன்னாள், எனக்கும் அதே இருநூற்று எண்பத்து மூன்றுதான் வந்தது. நோட்டில் இருந்த வித்தியாசத்தை மட்டும் நாங்கள் இருவருமே சந்தேகப்படவில்லை. அது அவள் அளந்து எழுதியது. இரண்டாவது ஞாயிறும் முன்னூற்றேழு. இரண்டாவது ஞாயிறும் பனி.

அப்போதுதான் நான் அந்த ஜோக்கை அடித்தேன்.

"மருந்து ஏறி ஏறி உன் மண்டைக்குள்ள வடக்கே தெக்கால போயிட்ச்சிமே."

சிரித்தாள். நான் கூடவே சிரித்தேன். மூன்றாவது ஞாயிறும் அதே இடத்தில் தப்பியபோது அவள் ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரமாகப் போட்டாள். "நீயே ஓட்டுய்யா. படத்த தொறந்து வெச்சிகினு ஓட்டு. எனுக்கு இனிமே தோது படாது" என்று நோட்டைத் தையல் மிஷின் டிராயருக்குள் வைத்தாள்.

அதே வாரம் காசிமேட்டிலிருந்து அவள் தங்கை வந்தாள். தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். முகூர்த்த ஜாக்கெட்டைப் பெரியம்மாதான் வெட்டவேண்டும் என்பது அந்தப் பெண் வயதுக்கு வந்த நாளிலிருந்தே முடிவான விஷயம். பட்டுத் துணியைப் பையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தாள் தங்கை.

"வேணாம்டி. வெளிய குடுத்துடு."

"இன்னாக்கா? ஒடம்புக்கு முடியலியா? மெதுவா வெட்டு. தெக்கிறத நான் வேற ஆள வெச்சி பார்த்துக்கிறேன். நீ கத்திரி மட்டும் வையி."

"ஒடம்பு இல்லடி. தல சரியில்ல. கத்திரி வெச்சிட்டா திரும்ப ஒட்ட முடியாது. இது கொயந்த கல்யாணத் துணி."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வழக்கம் போல எதையோ சொல்லிச் சமாளித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் ஒரு வாரம் வெச்சிருக்கேன் மாமா. அக்கா மனசு மாறுனா சொல்லு, ஓடியாரேன். அப்புறம் வெளிய குடுத்துர்றேன்."

அந்த ஒரு வாரத்தின் இரண்டாவது நாளில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மனைவியை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற விட்டிருந்தேன். பெண்கள் வார்டு, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, அந்த ஊர் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று வழிகாட்டும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிரீன்லாந்து போய் இறங்கினேன். கல் பரப்பிய சின்ன ஓடுபாதை. விமானத்தை நிறுத்திவிட்டுச் சும்மா திசைகாட்டியைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் டிராயரைத் திறந்து நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் முப்பது இருக்கவேண்டிய இடத்தில் இருபத்து நான்கு இருந்தது. அட, இங்கேதான் அளவு தப்பியிருக்கிறாளா என்று ஐஸ்லாந்துக்குப் போனேன். பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. நடுக்கடல் தீவுக்குப் போனேன். அங்கேயும் குறைந்திருந்தது. அந்த நோட்டில் இருந்த எண்களை வைத்துத்தான் அந்தத் தீவில் மூக்குக்கு நேராக இறங்கியிருந்தோம்.

கை தப்பினால் ஓர் இடத்தில் தப்பும். எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக ஒருத்தி தப்பமாட்டாள். அந்த ஃபைல் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பலிக்கவில்லை என்று நான் விட்ட ஃபைல் நன்றாகவே பலித்திருக்கிறது. அறுபது மைலுக்கு ஒரு டிகிரி தப்பினால் ஒரு மைல் தப்பும். நானூறு மைலுக்கு ஆறு டிகிரி, நாற்பது மைல். அவள் தைத்து முடித்த பிறகு நான் உடம்பை மாற்றியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை எழுதியாக வேண்டும். அவள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை! இதைவிட நல்ல சேதி என்ன? ஆட்டோ ராயபுரம் பாலத்தைத் தாண்டும்போதே எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அங்கேதான் கெட்டது. நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன். இதை நன்றாகச் சொல்லவேண்டும், அவள் வயிறு வலிக்கச் சிரித்து, ஸ்கேலை எடுத்து என்னை அடிக்கும்படியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். போனால், அவள் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வேண்டாம் என்று முதுகைத் தடவினேன்.

மறுநாள் காலை, "இன்னாமே, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இன்னா?" என்று திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "கேஸ் புக் பண்ணிட்டேன்."

யார்டில் வண்டிக்குள் உட்கார்ந்து கை ஜாடையோடு ஒத்திகை பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் அவளைச் சிரிக்கவிட வேண்டும் என்பதுவரை பிசிறில்லாமல் வந்தது. கீழே நின்ற சூப்பர்வைசர், "இன்னா நைனா, பொட்டிகூட பேசிகினு கீற?" என்று கத்தினார். அவள் நன்றாக இருக்கும் ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. மண்டைக்குள் வடக்கு தெற்காகிவிட்டது என்று அவளைச் சொன்ன வாய் இது. நான் சொல்லி முடித்ததும் சிரிப்பதற்கு முன்னால் அவள் ஒரு முறை என்னைப் பார்ப்பாள் இல்லையா, அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

வாரம் முடிந்தது. தங்கை போன் செய்தாள். "மாமா, அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்ல பாப்பா."

"சரி, வெளிய குடுத்துர்றேன்."

கல்யாணத்துக்கு மனைவியைப் பட்டுப்புடவை கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு அதே நிறத்தில் துணி கட்டியிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தோம். பெண்ணுடைய ஜாக்கெட் தோள்பட்டையில் இழுத்துக்கொண்டிருந்தது, எனக்கே தெரிந்தது. தாலி கட்டி முடித்ததும் இவள் மெல்ல மேடை ஏறி, பெண்ணின் முதுகுப் பக்கம் போய், தன் புடவையிலிருந்த ஒரு சேஃப்டி பின்னை எடுத்து எங்கேயோ குத்தினாள். இழுப்பு நின்றது. இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

"கை சுருக்கா வெட்டிட்டான். பாவம், நல்ல துணி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் வெட்டியிருந்தா இதவிட கேவலமா ஆயிருக்கும்" என்றாள்.

மேளம் நின்றிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. அவள் முகம் தெளிவாக, வலி இல்லாமல் இருந்தது. நான் காத்திருந்த நாள் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"பந்தி முடிஞ்சிட போவுது, வா" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள். கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் போய்விட்டாள். அந்த மூன்று நாளும் அவள் பேச்சு கேட்கும் நிலையில் இல்லை. நான் பேசாமலும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். காதில் விழாதவளிடம் மட்டும் என்னால் நேராகச் சொல்லமுடிந்தது.

காரியம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புடவைகளை மடித்து எடுத்துப் போகத் தங்கை வந்தாள். ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஒடம்பு வலியகூட அக்கா தாங்கிக்கினா மாமா. தல போச்சேன்னு தான் அழுதா. உங்கிட்ட அழுதாளா?"

"எங்கிட்ட இல்ல."

"எங்கிட்ட அழுதா. 'நேர் கோடு போடுறேன்டி, கோணலா போவுது, மூணு வாரம் பார்த்துட்டேன்'னா. இன்னா கோடு, ஏது கோடுன்னு எனுக்கு புரியல."

நான் சொன்னேன். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டி, நோட்டைக் காட்டி, ஒரு ஃபைலை மாற்றினேன், அதனால் அவள் போட்ட சரியான கணக்கு தப்பிப்போனது, அவள் தலை கடைசிவரைக்கும் நன்றாக இருந்தது என்று நாலே வரியில் சொன்னேன். தங்கை மடித்த புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது உனுக்கு எப்போ தெரியும்?"

"அவ போறதுக்கு முன்ன."

"அது இல்ல மாமா. நான் ஜாக்கெட்ட வெளிய குடுத்தனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

தங்கை மடியிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள். கீழே டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. பிறகு சுவர் ஓரமாக இருந்த ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"காட்டு. என் அக்கா போட்டது கரெக்டுன்னு காட்டு."

"மூணு மணி நேரம் ஆவும் பாப்பா."

"ஆவட்டும்."

பழைய ஃபைலைத் திரும்பப் போட்டேன். ஐஸ்லாந்தில் விமானத்தை நிறுத்தித் திசைகாட்டியைப் பார்த்தேன். வித்தியாசம் நோட்டில் எழுதியிருந்த அதே பதினெட்டு. கிளம்பி, முன்னூற்றேழைப் பிடித்தேன். கடல் வந்தது. காசிமேட்டுக்காரி அந்தக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு போட்டு கூட காணமே" என்றாள். அதோடு சரி. நடுவில் டீ போட்டு வந்தேன், குடிக்கவில்லை. நான் குச்சியைத் தொடும்போதெல்லாம் என் கையைப் பார்த்தாள். திருப்புகிறேனா என்று பார்க்கிறாள் எனப் புரிந்தது. எண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

மூன்று மணி தாண்டியதும் கரை வெள்ளையாக எழுந்தது. முன்பு பார்த்த மலைகள் இல்லை இவை. கடல் ஒரு வாய்க்கால் போல உள்ளே போனது. அதன் ஓரத்தில், மூக்குக்கு நேராக, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. தாழ இறங்க இறங்கக் கோடு அகலமானது. தடதடவென்று கல்மேல் இறங்கி நின்றோம்.

தங்கை எழுந்து திரைக்கு அருகே போய் அந்த ஓடுபாதைமேல் விரலை வைத்தாள்.

"இங்க தான் வரணுமா?"

"இங்க தான்."

"அவ எழுதுன நம்பரு தான? நீ ஒண்ணும் கை வெக்கலியே?"

"வெக்கல."

விரலை எடுக்காமலே அழுதாள். நான் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வெட்டியிருப்பா மாமா" என்றாள். "நல்லா வெட்டியிருப்பா."

"ஆமா" என்றேன்.

அவள் புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனாள். போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. திரையில் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, அவள் குடிக்காமல் வைத்த டீயை எடுத்துக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவினேன்.